அதிகாரம் அருகில் வந்தால் போதுமா?

வேல்ஸ் என்றதும் 'பிரிட்டனின் ஒரு பகுதி' என்று ஒரே வரியில் நாம் கடந்து விடுகிறோம். முப்பத்தொரு லட்சம் மக்கள் வாழும் அச்சிறு நாட்டின் ஆட்சி அமைப்பைப் படித்தபோது என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை இங்கே வைக்க விழைகிறேன்.

கேபெல் கெலின் என்றொரு சிற்றூர் அங்கே இருந்தது. லிவர்பூல் நகரின் தண்ணீருக்காக அங்கே அணை கட்ட 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆயினும் 1965இல் ஊர் நீருக்குள் மறைந்தது. தன் மண்ணைப் பற்றிய முடிவு தன் கையில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இருந்தும் 1979 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஐந்தில் நால்வர் தன்னாட்சி வேண்டாம் என்றனர்! 1997இல் வெறும் 6,721 வாக்கு வேறுபாட்டில் வேண்டும் என்றனர். இந்த மனமாற்றத்திற்குக் காரணங்கள் பல. எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. 1987 முதல் 1997 வரை வேல்ஸ் துறை அமைச்சர்களாக வந்த நால்வரும் இங்கிலாந்துத் தொகுதிகளின் உறுப்பினர்கள். வளர்ச்சி, சுற்றுலா போன்ற வாரியங்களுக்கு ஆள் நியமித்தவர்களும் அவர்களே. வேல்ஸ் மக்களின் வாக்கு ஒரு பக்கம் விழுந்தது. வாரிய நாற்காலி வேறு பக்கம் போயிற்று.

1999இல் கார்டிஃபில் 60 உறுப்பினர்களோடு பேரவை பிறந்தது. 2011 வாக்கெடுப்புக்குப் பின் தன் துறைகளில் முழுச் சட்டமியற்றும் உரிமை பெற்றது. 2020இல் 'செனெத்' என்ற பெயர் பூண்டது. 2026 தேர்தல் முதல் உறுப்பினர் 96 பேர் என்று 2024ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. காவலும் நீதித்துறையும் இன்னும் லண்டன் வசமே உள்ளன.

2006இல் வளர்ச்சி வாரியத்தையும் சுற்றுலா வாரியத்தையும் அரசு தன்னுள் இணைத்துக் கொண்டது. இதை நான் வரவேற்கிறேன். 'வாரியம் செய்தது, நான் அறியேன்' என்று அமைச்சர் இனி நழுவ முடியாது அல்லவா?

ஆனால் எல்லாவற்றையும் அரசு விழுங்கிவிடலாமா? கூடாது. 2013இல் மூன்று அமைப்புகளைச் சேர்த்து இயற்கை வள அமைப்பு உருவாயிற்று. காட்டைக் காப்பதும் அதுவே. மரத்தை விற்பதும் அதுவே. அதன் மர விற்பனை ஒப்பந்தங்களில் முறை தவறியதை 2017இல் தலைமைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். அவர் அரசின் ஊழியராக இருந்திருந்தால் அத்தனை துணிவாகச் சொல்லியிருப்பாரா? அவரைப் பரிந்துரைப்பது செனெத், அமைச்சர் அல்லர்.

ஆனால் வேல்ஸ் மொழி ஆணையரை நியமிப்பவர் முதலமைச்சர். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருங்காலத் தலைமுறையின் நலனுக்காக வாதாடும் ஆணையரை நியமிப்பதும் அரசே. தட்டிக் கேட்க வேண்டியவரைத் தட்டிக் கேட்கப்பட வேண்டியவரே தேர்ந்தெடுப்பது முறையாகுமா? ஆணையர்கள் நேர்மையாளராகவே இருக்கலாம். எனினும் நல்ல மனிதரை நம்பி மட்டும் ஓர் அமைப்பைக் கட்டக் கூடாது. இவ்விரு நியமனங்களும் செனெத்தின் கைக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து.

பணத்தைச் செலவிடும் அமைப்பு மக்கள் பிரதிநிதிக்குக் கீழே இருக்கட்டும். குறை காணும் அமைப்பு ஆட்சியாளரின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். தொலைவில் இருந்த அதிகாரத்தை அருகில் கொண்டு வருவது பாதி வெற்றிதான். அருகில் வந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்க வழி செய்வதே மீதிப் பாதி.