மணி அடித்தால் போதுமா? இருதயம் துடிக்க வேண்டாமா?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இல்லை. "தென்னாட்டு ஆக்ஸ்போர்டு" என்றே அந்த ஊருக்குப் பெயர். ஆனால் பிள்ளைகள் பாடு என்ன? காலையில் வாசலில் வேன் வந்து நிற்கிறது. ஏறுகிறார்கள். நாள் முழுவதும் பெஞ்சில் உட்காருகிறார்கள். மாலையில் டியூஷன். இரவில் செல்போன்.

தாமிரபரணிக் கரையில் முன்பு இப்படி இல்லை. சேரன்மகாதேவியிலும் கல்லிடைக்குறிச்சியிலும் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போனார்கள். ஆற்றில் நீந்தினார்கள். அதுவே தேகப்பயிற்சி. இன்று அதைப் பள்ளிக்கூடம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டிரைவரும் கண்டக்டரும்

1953-ல் லண்டன் டாக்டர் ஜெர்ரி மாரிஸ் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு!

அதே 1953-ல் இன்னொரு செய்தி. கொரியா யுத்தத்தில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களைச் சோதித்தார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இருதய ரத்தக் குழாயில் அப்போதே நோயின் அடையாளம் இருந்தது.

மாரடைப்பு 50 வயதில் வரலாம். விதை இளமையிலேயே விழுந்துவிடுகிறது.

எவ்வளவு வேண்டும்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ம் ஆண்டுக் கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் உலகில் நூற்றுக்கு 81 பேர் அப்படிச் செய்யவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

பள்ளிப் பயிற்சியால் பலன் உண்டா? காக்ரேன் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 2021-ல் 89 ஆராய்ச்சிகளை ஒன்றாக எடைபோட்டது. பிள்ளைகளின் மூச்சுத் திறன் சற்றே கூடலாம் என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் ஓடியாடும் நேரம் அவ்வளவாகக் கூடவில்லை! பயிற்சி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

ஸ்காட்லாந்தில் 2012-ல் ஒரு தொடக்கப் பள்ளியில் தினமும் 15 நிமிட ஓட்டம் ஆரம்பமானது. தனி உடை இல்லை, செலவும் இல்லை. அங்கே இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. ஓட்டச் சோதனையில், தினம் ஓடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட சுமார் 39 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

பரீட்சை யாருக்கு?

விளையாட்டுப் பீரியடில் பாதி நேரம் வரிசையில் நிற்பதில் போகிறது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதையும் வாங்கிக்கொள்கிறார். கணக்குக்குப் பரீட்சை உண்டு. இருதயத்துக்கு?

ஜூனில் மைதானத்தில் 20 மீட்டருக்குக் கோடு போடுங்கள். குறிப்பிட்ட நேரத்தில் ஒவ்வொருவரும் எத்தனை முறை ஓடித் திரும்புகிறார்கள் என்று எழுதி வையுங்கள். மார்ச்சில் மறுபடி பாருங்கள். கூடியிருந்தால் பயிற்சி நல்லது. கூடாவிட்டால் பயிற்சியை மாற்றுங்கள். இந்த மார்க் பிள்ளைக்கு அல்ல, பள்ளிக்கு! குண்டான பிள்ளையைக் கேலி செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது.

நெல்லை வெயில் கடுமை. ஆகவே காலையிலேயே ஓட விடுங்கள். தண்ணீர் கொடுங்கள். ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

பெற்றோர்களே! அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "என் மகள் இன்று எத்தனை நிமிடம் ஓடினாள்?" என்றும் கேளுங்கள்.