படித்தீர்களா என்றொரு கேள்வி

கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஏறத்தாழ நடுவே, தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் கிணத்துக்கடவு. நல்ல நாவல் ஒன்று வாங்க வேண்டுமென்றால் இவ்விரு நகரங்களில் ஒன்றுக்குப் பேருந்து ஏற வேண்டும். ஆதலால் இப்பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்குள் ஒரு நாவலின் பெயர் பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான் முதலில் நுழைகிறது. படித்து மகிழ்ந்த சகோதரி ஒருவர் நான்கு வரி எழுதிப் பரிந்துரைக்கிறார். சற்று நேரத்தில் இன்னொரு செய்தி வந்து விழுகிறது: இது நம் சமுதாயத்தை இழிவுபடுத்தும் நூல், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அனைவருக்கும் அனுப்புங்கள். அனுப்பியவரிடம் நூலைப் படித்தீர்களா என்று கேட்டால், ஹஜ்ரத் ஒருவர் சொன்னார் என்பார். அந்த ஹஜ்ரத்திடம் கேட்டால் அவருக்கும் அது யாரோ அனுப்பியதாக இருக்கும்.

இந்தப் பழக்கத்தை ரசனைக் குறைவு என்று சொல்லி நாம் கடந்துபோக விரும்பவில்லை. நூலைப் பற்றியும் அதை எழுதியவரைப் பற்றியும் நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சாட்சியம். அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்றும் அல்குர்ஆன் (17:36) எச்சரிக்கிறது. செய்தி கொண்டுவருபவர் நம்பத் தகாதவராயின் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் (49:6) கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார்கள். யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று வினவி வினவி ஒரு பெருங்கலையையே வளர்த்தவர்கள் நம் முன்னோர். நாவல் ஹதீஸ் அல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் துணிவு நமக்கில்லை. ஆனால் அந்த வினவும் பழக்கம் நாவல் என்றதும் நம்மை விட்டு எங்கே போய்விடுகிறது?

படிக்காமல் பரப்பும் கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இதே கொங்கு மண் கண்டிருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் வாசகர்கள் அதை அமைதியாகப் படித்தார்கள். 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு, திருச்செங்கோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கைமாறின. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. முழு நூலையும் படித்த பிறகும் கோபம் தணியாதவர்கள் இருந்திருக்கலாம். அவர்களோடு வாதிட வழியுண்டு. பிய்த்தெடுத்த பக்கங்களை மட்டும் கையில் வைத்திருந்தவரோடு எதை வாதிடுவது?

அது வேறு சமூகத்தின் சண்டை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. நம் வீட்டுப் பெண்களின் வாழ்வை வெளிப்படையாகப் பேசிய அந்நாவலை முழுவதும் படித்து முகம் சுளித்தவர்களை நாம் மதிக்கிறோம். பருவம் எய்தாத பிள்ளைக்கு அது வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரின் உரிமையையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அட்டையைக்கூடப் பார்க்காதவர்கள் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் அதை இலக்கிய விமர்சனம் என்று கூற இயலுமா? அதற்கு மார்க்கத்தில் வேறு பெயர் உண்டு. புறமும் அவதூறும் நாவுக்கு மட்டுமே உரிய பாவங்கள், விரல்நுனிக்கு அல்ல என்று யாரும் ஃபத்வா தரவில்லை.

பழனிக்கு அருகேயுள்ள கீரனூரிலிருந்து எழுதவந்தவர் கீரனூர் ஜாகிர்ராஜா. நமக்குக் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அவருடைய 'மீன்காரத் தெரு' முஸ்லிம்களுக்குள்ளேயே ஏழைத் தெருவுக்கும் வசதியான தெருவுக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு வந்து, சம்பந்தம் பேசும்போது தெருப் பெயர் விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லையென்று எவர் சத்தியம் செய்வார்? கசப்பான நூல்தான். அந்தக் கசப்பு எழுத்தாளரின் கற்பனையா, நம் தெருவில் உள்ளதா என்பதைப் படித்தவரே சொல்ல முடியும்.

நம்மைப் பற்றிய குறைகளை நம்முடைய ஏடுகளே அச்சிட்ட காலமும் இருந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. ஊர்ப் பெரிய மனிதரின் ஆணவத்தையும், பக்தியின் பெயரால் ஏமாற்றுவோரையும், பள்ளிக்கூடத்தை எதிர்த்த அறியாமையையும் சாடிய கதை அது. அதைச் சமுதாய இதழ் வெளியிட்டது, சமுதாயம் வாசித்தது, அதனால் எவருடைய ஈமானும் குறைந்துவிடவில்லை. அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றபோது நாம் எல்லோரும் நம்மவர் என்று சொல்லிக்கொண்டோம்.

நாவல் நமக்கு அந்நியம் என்பாரும் உளர். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். ஆறே ஆண்டுகளில், 1885இல், இலங்கையின் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதிவிட்டார். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' வெளியிட்டார். முஸ்லிம் பெண் ஒருவர் நாவல் எழுதித் தம் பெயரிலேயே அச்சேற்றுவது அன்று எத்தகைய துணிவு என்பதை நம் நன்னிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பழிப்பவர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, வாழ்நாளில் தவறவிடக்கூடாத நூல் என்று எழுதுவதும் பொய்ச் சாட்சியம்தான். அதை நம்பி முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் சகோதரி ஏமாற்றப்படுகிறார். பரிந்துரை வந்த மறுநிமிடமே பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்கிறோமே, அதையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். வேலை செய்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத், எழுதியவரின் கூலியைத் திருட்டுக் கோப்பாக ஆளுக்காள் அனுப்பிவிட்டு, ஜஸாகல்லாஹ் கைரன் என்று நன்றியும் தெரிவித்துக்கொள்கிறது. அடியார்களின் உரிமையை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே.

கொடிசியா வளாகத்தில் நடக்கும் கோவைப் புத்தகத் திருவிழாவுக்கு இம்முறை செல்லும் குடும்பங்கள், ஆளுக்கொன்றாய் நான்கு நாவல்கள் வாங்கித் தங்களுக்குள் சுற்றுக்கு விடலாம். முடித்தவர்கள் எழுதட்டும்: முழுவதும் படித்தேனா, பாதியில் வைத்தேனா, எந்த வயதுப் பிள்ளைக்கு ஆகும், எந்தப் பக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை என்று. மறுப்பவர்களும் பக்க எண்ணோடு மறுக்கட்டும். பக்க எண் இல்லாமல் வரும் கண்டனத்தை, அது எவ்வளவு பெரிய பெயரில் வந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாமல் நம் கைபேசியோடு நிறுத்திக்கொள்வோம்.