நிறுவனம் கைவிட்ட சீட்டாட்டம்: தொடங்குவோர் ஏன் அங்கே தொடங்க வேண்டும்?

சேகரிப்புச் சீட்டாட்டங்களில் ஆர்வம் கொள்ளும் ஒருவருக்கு முதலில் திறக்கும் வாசல் பெரும்பாலும் தவறான வாசலாகவே அமைந்துவிடுகிறது. பொம்மைக் கடையிலோ இணைய அங்காடியிலோ பளபளக்கும் உறையிட்ட பொட்டலம் ஒன்றை அவர் வாங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரிக்கும்வரை தெரியாது. பிரித்த பின்னர், கிடைத்தவற்றுள் பல தமக்குப் பயன்படாதவை என்று தெரிகிறது. அடுத்த பொட்டலம் வாங்கப்படுகிறது. ஆட்டத்தின் விதிகளைக் கற்பதற்கு முன்பே அவர் அதன் சந்தையைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ இந்த விற்பனை முறையை நிலைநாட்டியது. போக்கிமான், யு-கி-ஓ போன்றவை அதே தடத்தில் வந்தன. அவை ஆட்டம் என்ற அளவில் குறைந்தவை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கற்கத் தொடங்குபவரின் முதல் செலவு அறிவுக்காக அல்லாமல் அதிர்ஷ்டத்துக்காகச் செய்யப்படுவது சரியான தொடக்கமாகாது.

தொடங்குவதற்கு இன்னொரு இடம் உண்டு. பலரும் கேள்விப்பட்டிராத ‘நெட்ரன்னர்’ என்னும் ஆட்டம் அது.

இதன் வரலாறு சற்று விசித்திரமானது. இதையும் கார்ஃபீல்டே வடிவமைத்தார். 1996-இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. மேஜிக்கைப் போலவே பிரித்தால்தான் தெரியும் பொட்டலங்களில் இது விற்கப்பட்டு, சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 2012-இல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ், உரிமம் பெற்று, ‘ஆண்ட்ராய்ட்: நெட்ரன்னர்’ என்ற பெயரில் இதற்கு மறுபிறப்பு அளித்தது. இம்முறை பொட்டலத்துக்குள் என்னென்ன சீட்டுகள் உள்ளன என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அரிய சீட்டு, எளிய சீட்டு என்ற பாகுபாடே இல்லை. ஆறு ஆண்டுகள் செழித்த பின், 2018-இல் உரிமம் முடிவுக்கு வர, அந்தப் பதிப்பும் நிறுத்தப்பட்டது. பொதுவாக இவ்விடத்தில் ஒரு சீட்டாட்டம் இறந்துவிடும். ஆனால் ஆடியவர்களே அதே ஆண்டில் ‘ப்ராஜெக்ட் நிசெய்’ என்னும் தன்னார்வக் குழுவை அமைத்துப் புதிய சீட்டுகளை உருவாக்கத் தொடங்கினார்கள். இலாப நோக்கற்ற அக்குழு இன்று ‘நல் சிக்னல் கேம்ஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. புதியவர்களுக்கென்றே 2021-இல் ‘சிஸ்டம் கேட்வே’ என்ற தொகுப்பை அது வெளியிட்டது. சீட்டுகளை அச்சாகவும் வாங்கலாம். கோப்பாக இறக்கி வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. அந்தக் கோப்புகளுக்குக் கட்டணமும் இல்லை.

இந்திய வாசகருக்கு இங்கே கஞ்சிஃபா நினைவுக்கு வருவது இயல்பு. முகலாய அரசவை வழியே பரவிய அந்த வட்டச் சீட்டாட்டத்தில் 96 சீட்டுகள் கொண்ட வகை ஒன்று. பத்து அவதாரங்களுக்குப் பத்துக் குழுக்களாக 120 சீட்டுகள் கொண்ட தசாவதார வகை இன்னொன்று. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் அச்சீட்டுகள் இன்றும் கையால் தீட்டப்படுகின்றன. வாங்குபவர்கள் அவற்றைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், பரிசளிக்கிறார்கள். ஒடிசாவில் முதியோர் சிலர் ஆடுவதை விட்டுவிட்டால், அவற்றைக் கலைத்துப் பங்கிட்டு ஆடத் தெரிந்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே சீட்டு பிழைத்தது, ஆட்டம் நலிந்தது. நெட்ரன்னரில் நிகழ்ந்தது இதன் தலைகீழ்: சீட்டு அச்சாவது நின்றது, ஆட்டம் பிழைத்தது. பேசுவோர் இருக்கும்வரை ஒரு மொழிக்கு அகராதி அச்சாகாவிட்டாலும் கேடில்லை என்பதை மொழியியல் மாணவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். சீட்டாட்டத்துக்கும் அது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் விற்பனையாளர்களுக்கு மனம் வருவதில்லை.

இனிச் செலவைக் கணக்கிடலாம். சீட்டின் அளவு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். சிஸ்டம் கேட்வேயின் இரண்டு தொடக்கக் கட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 65 சீட்டுகள். ஆகவே எட்டுத் தாள்கள் போதும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஆட்டம் குறைபடாது. கத்தரித்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, பின்புறம் பழைய ரம்மிச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டால் விறைப்பாக நிற்கும். இங்கு விற்கும் ரம்மிச் சீட்டுகள் பல சற்றுக் குறுகலானவை. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே: ஒரு கட்டுக்குள் எல்லாச் சீட்டுகளின் முதுகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலையில் மடிப்பு விழுந்தாலும் எதிராளி கண்டுகொள்வார். இந்த ஆட்டமே மறைத்து வைப்பதில்தான் நிற்கிறது.

அந்த மறைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. இருவர் ஆடுவது இது. ஒருவர் கார்ப், அதாவது பெருநிறுவனம். மற்றவர் ரன்னர், அதாவது அந்நிறுவனத்தின் சர்வர்களுக்குள் ஊடுருவுபவர். இருவரின் சீட்டுகள் வேறு, செயல்கள் வேறு, இலக்கை அடையும் வழிகளும் வேறு. கார்ப் தன் ஏஜெண்டாச் சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்து, பணம் செலவிட்டு முன்னேற்றி, 7 புள்ளிகள் எடுத்தால் வெல்லும். அவற்றைத் திருடி 7 புள்ளிகள் சேர்த்தால் ரன்னர் வெல்வார். முதல் ஆட்டத்துக்கான தொடக்கக் கட்டுகளில் இந்த எல்லை 6.

ஒரு முறையில் கார்ப்புக்கு 3 கிளிக்குகள் மட்டுமே. கிளிக் என்றால் ஒரு செயல் செய்வதற்கான வாய்ப்பு. ரன்னருக்கு 4. மூன்று முறை முன்னேற்ற வேண்டிய ஒரு சாதாரண ஏஜெண்டாவை எடுத்துக்கொள்வோம். மேசையில் வைக்க ஒரு கிளிக், முன்னேற்ற மூன்று கிளிக், ஆக நான்கு. கையில் இருப்பதோ மூன்று. எனவே எவ்வளவு கெட்டிக்காரரானாலும் கார்ப் தன் பொக்கிஷத்தை எதிராளியின் ஒரு முறை முழுவதும் மேசைமேல் விட்டுவைத்தாக வேண்டும். ஆட்டத்தின் பதற்றம் அனைத்தும் இந்த ஒரு கிளிக் குறைவிலிருந்து பிறக்கிறது. அந்தக் கவிழ்ந்த சீட்டைக் காக்க ‘ஐஸ்’ எனப்படும் அரண்களை முன்னால் அடுக்கலாம். அவையும் கவிழ்ந்தே இருக்கும். ரன்னர் நெருங்கும்போது விலை கொடுத்துத் திருப்பினால்தான் அவை செயல்படும். எல்லாம் சரிதான், ஆனால் அங்கே கவிழ்ந்திருப்பது உண்மையில் ஏஜெண்டாதானா? ‘உர்டிகா சைஃபர்’ என்றொரு பொறிச்சீட்டு உண்டு. ஏஜெண்டாவைப் போலவே அதையும் முன்னேற்றலாம். இரண்டு முறை முன்னேற்றப்பட்ட அதைத் திருட நினைத்து ரன்னர் தொட்டால் கையிலிருந்து நான்கு சீட்டுகள் பறிபோகும். கையில் மூன்றே சீட்டுகள் இருந்தால் ஆட்டமே முடிந்தது. ஆகவே ரன்னர் எதிராளியின் சீட்டைப் பார்ப்பதைவிட அவருடைய பணத்தையும் தயக்கத்தையும் பார்க்கிறார். விதிகளைக் கற்றுக்கொண்ட முதல் மணி நேரத்திலேயே இந்த உளவியல் தொடங்கிவிடுகிறது. விலையுயர்ந்த சீட்டுகள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் இது பரவவில்லை? விளம்பரமின்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கலைச்சொற்கள். நெட்ரன்னரில் ஒரே பொருளுக்கு இரு தரப்பிலும் வெவ்வேறு பெயர்கள். சீட்டு எடுக்கும் கட்டு கார்ப்புக்கு ‘ஆர் அண்ட் டி’, ரன்னருக்கு ‘ஸ்டாக்’. கையிலுள்ள சீட்டுகள் ஒருவருக்கு ‘எச்கியூ’, மற்றவருக்கு ‘கிரிப்’. கழித்த சீட்டுகள் ‘ஆர்க்கைவ்ஸ்’, ‘ஹீப்’. 5 கிரெடிட் செலுத்தி 9 கிரெடிட் பெறும் சீட்டு இரு தரப்பிலும் உண்டு. கார்ப்பிடம் அதன் பெயர் ‘ஹெட்ஜ் ஃபண்ட்’, ரன்னரிடம் ‘ஷ்யூர் கேம்பிள்’. முதலாளி செய்தால் முதலீடு, தெருவில் திரிபவர் செய்தால் சூதாட்டம். வடிவமைத்தவர்களின் குறும்பு இரசிக்கத்தக்கது. ஆனால் முதல் நாளில் விதிநூலைத் திறந்தவர் இதையெல்லாம் பட்டியலாகப் பார்த்தால் மூடி வைத்துவிடுவார்.

கற்பிக்கும் தமிழர் இங்கே இருவகைத் தவறுகளைச் செய்யக்கூடும். அனைத்தையும் மொழிபெயர்த்து, ‘ஆராய்ச்சி மற்றும் மேம்பாடு’ என்று ஒரு சீட்டுக்கட்டை அழைக்கச் சொல்வது ஒன்று. சீட்டிலோ ஆங்கிலம்தான் அச்சாகியிருக்கிறது. கற்பவர் இரண்டு சொற்களைச் சுமக்க நேரிடும். ஆங்கிலச் சொற்பட்டியலை முதலில் ஒப்பிக்கச் சொல்வது மற்றொன்று. எவரும் எந்த மொழியையும் அகராதியை மனனம் செய்து பேசத் தொடங்கியதில்லை. முதல் ஆட்டத்துக்குக் கட்டு, கை, கழிவு என்ற மூன்று வீட்டுச் சொற்களே போதுமானவை. ‘உன் கையில் ஒன்றைப் பார்க்கிறேன்’ என்று ரன்னர் சொன்னால் அது எச்கியூ மீதான ஊடுருவல்தான். அப்பெயர் மூன்றாம் ஆட்டத்தில் தானாக நாவில் வந்து அமரும். கிளிக், கிரெடிட், சர்வர் போன்றவை ஏற்கெனவே அன்றாடப் பேச்சில் புழங்குபவை. அவற்றுக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

இந்தியத் தொடர்பு ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. ஃபேன்டசி ஃப்ளைட் பதிப்பில் ‘மும்பாட்’ என்னும் எதிர்கால இந்தியப் பெருநகரத்தில் நிகழும் சீட்டுவரிசை ஒன்று வந்தது. அதன் தொகுப்புகளில் ஒன்றின் பெயர் ‘காலா கோடா’, இன்னொன்றின் பெயர் ‘சால்செட் ஐலண்ட்’. இரண்டுமே மும்பைக்காரர் அறிந்த இடங்கள். தொலைவிலிருந்து தீட்டிய ஓவியத்துக்குரிய குறைகள் அதில் இருக்கலாம். ஆயினும் வருங்காலம் என்றாலே டோக்கியோவின் நியான் விளக்குகளைக் காட்டும் வழக்கத்திலிருந்து அது விலகியது மதிக்கத்தக்கது. தொடங்குபவர் அந்தப் பழைய தொகுப்புகளைத் தேடி அலைய வேண்டாம். அவை அச்சில் இல்லை.

மெய்யான தடை வேறொன்று. பணமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. இரண்டாம் ஆள். பெயர்பெற்ற ஆட்டமென்றால் கடையிலோ கல்லூரியிலோ யாரேனும் கிடைப்பார்கள். அறியப்படாத ஆட்டத்தைத் தொடங்குபவர் ஆடுநராக மட்டும் இருக்க முடியாது. ஆசிரியராகவும் இருந்தாக வேண்டும். ஜிண்டெகி.நெட் என்ற இணையதளத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் கட்டணமின்றி ஆடலாம் என்பது உண்மை. ஆனால் அது தொடங்குவோருக்கான இடமன்று. அங்கே கணினி பல கணக்குகளை அமைதியாகச் செய்துவிடும். அங்கு வருபவர்களும் பல ஆண்டுகள் ஆடிப் பழகியவர்கள். முதல் சில ஆட்டங்களாவது மேசையில், எதிரே அமர்ந்திருக்கும் தம்பியோடோ விடுதி அறைத் தோழியோடோ ஆடப்பட வேண்டும்.

அந்தத் தம்பியைச் சீட்டாட அழைப்பதில் வீட்டுப் பெரியவர்களின் புருவம் உயரும் என்பதும் தெரிந்ததே. சீட்டு என்ற சொல்லோடு சூது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரம்மியே பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியபின்னும் அந்த ஒட்டு முழுதாக விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பொட்டலத்துக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்து அதே பெரியவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைகள் பொம்மை வாங்குகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஜெராக்ஸ் தாளில் கத்தரித்த நெட்ரன்னர் கட்டில் பந்தயமும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஒரு கட்டில் ஒரே சீட்டின் 3 பிரதிகளுக்கு மேல் வைக்க முடியாது. அந்த மூன்றையும் எவரும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

முதல் மாலைக்கு ஏற்பாடு இப்படி இருக்கட்டும். ஆட்டத்தைச் சொல்லித் தருபவர் கார்ப் பக்கம் அமர வேண்டும். எந்தச் சீட்டைக் கவிழ்ப்பது, எப்போது திருப்புவது என்ற முடிவுகள் அங்கேதான் மிகுதி. புதியவர் ரன்னராகத் தொடங்கி, அரணே இல்லாத சர்வருக்குள் முதல் முறையிலேயே நுழைந்து பார்க்கட்டும். அங்கு ஒன்றும் கிடைக்காமல் போனாலும் ஊடுருவல் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். உர்டிகா சைஃபரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புதியவரைப் பொறியில் சிக்கவைத்து மகிழ்பவருக்கு இரண்டாம் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காது. இரண்டாம் ஆட்டத்தில் அதே கட்டுகளோடு பக்கம் மாறி அமர வேண்டும். ஏனெனில் ரன்னராக இருந்தபோது அச்சமூட்டிய அந்தக் கவிழ்ந்த சீட்டுகளின் பின்னால் எவ்வளவு வறுமை இருந்தது, ஓர் அரணைத் திருப்பக்கூடக் காசில்லாமல் எதிராளி எப்படி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தார் என்பது கார்ப் நாற்காலியில் அமர்ந்த பிறகே தெரியும். மூன்றாம் ஆட்டத்தை யார் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகு மீதிச் சீட்டுகளை அச்சிடலாம்.