ஒரு பைசா வித்தியாசம்

2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஃபிரெஷ்வொர்க்ஸ் பட்டியலானது. அன்று சென்னை மென்பொருள் வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கணக்குதான். 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள், அவர்களில் சுமார் 70 பேருக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதமே சொன்ன எண்கள் இவை. 2010-ல் கீழ்க்கட்டளையில் சுமார் 700 சதுர அடி இடத்தில் ஆறே பேரோடு ஆரம்பித்த கம்பெனி என்பதால், கதைக்குச் சுவை கூடிவிட்டது.

அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நடக்கும் நேர்காணல்களில் ஒரு வசனம் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. “சம்பளம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். ஆனா ஈசாப் தர்றோம்.” ஊழியருக்குப் பின்னாளில் குறைந்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை தரும் திட்டத்துக்குத்தான் இந்தப் பெயர். கேட்கிற பையனின் கண்ணில் கீழ்க்கட்டளை ஒரு கணம் மின்னி மறையும்.

அதே நிறுவனர்கள் மாலையில் தேநீர்க் கடையில் நின்று புலம்புவதும் வழக்கம்தான். “நல்ல ஆளே கிடைக்கிறதில்ல சார்.” நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலத்தில் இப்படி ஒரு புலம்பல்! அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரும்பாலும் குறை ஆளிடத்தில் இல்லை, தேடுகிற முறையிலும் நீட்டுகிற ஆஃபர் தாளிலும் இருக்கிறது.

தேடுகிற முறையை முதலில் பார்க்கலாம். ஏழு பேர் உள்ள ஒரு கம்பெனிக்கு எட்டாவது ஆள் வேண்டும். விளம்பரத்தில் ஐந்து வருட அனுபவம், பெரிய கம்பெனிப் பெயர், முடிந்தால் ஐஐடி என்று கேட்கிறார்கள். அதாவது, வெளிநாட்டு வங்கிகளும் சில்லறை வணிக ஜாம்பவான்களும் சென்னையில் திறந்துவைத்திருக்கும் மையங்கள் எந்த ஆளுக்கு வலை வீசுகின்றனவோ, அதே ஆளுக்குத்தான் இவர்களும் வலை வீசுகிறார்கள், பாதிச் சம்பளத்தில். 2021-22ல் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2022 ஜூனில் முடிந்த காலாண்டில், ஓராண்டுக் கணக்கில் இன்ஃபோசிஸிலேயே நூற்றுக்கு 28.4 பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் ஒரு ஆஃபரை வாங்கி, 90 நாள் நோட்டீஸ் காலத்தில் அதைக் காட்டி இன்னொன்றை வாங்கி, அதைக் காட்டி மூன்றாவதுக்குப் போனார். மூன்று மாதம் நாற்காலி வாங்கிப் போட்டுக் காத்திருந்த சின்னக் கம்பெனிக்கு 91-வது நாள் வந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும்.

சென்னையில் இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் இன்றைய நிறுவனர்கள் அல்ல. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோவுக்கும் இதே கதிதான். பெயர் தெரியாத கம்பெனிக்குப் பெயர் பெற்ற கல்லூரிக்காரர்கள் யார் வருவார்கள்? கிடைத்தவர்களை எடுத்தார்கள். சில வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கல்லூரியின் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒருவர் செய்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாக எழுதினார். அந்தப் பாடத்தின் மேல்தான் ஜோஹோவின் பள்ளி எழுந்தது. கல்லூரிக்குப் போகாத பிளஸ் டூ பிள்ளைகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்து, கட்டணம் வாங்காமல், கையில் மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, கணக்கும் ஆங்கிலமும் புரோகிராமிங்கும் சொல்லிக் கொடுத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இருபது வருடங்களுக்கு முன்பு விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்தது. பின்னால் தென்காசிப் பக்கமும் போனது.

பள்ளி நடத்த ஏழு பேர் கம்பெனியால் முடியாது என்பது சரிதான். ஆனால் அதன் பின்னால் உள்ள யோசனைக்குச் செலவில்லை. சான்றிதழைப் பார்க்காதே, வேலையைப் பார்.

எப்படிப் பார்ப்பது? ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய விலை 101 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆக 5 ரூபாய் 5 காசு. ஆனால் பில்லில் அது மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரிந்துதான் வர வேண்டும். 101-க்கு இரண்டரை சதவீதம் என்றால் 2.525. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் 2.53. இரண்டையும் கூட்டினால் 5.06. ஒரு பைசா எங்கிருந்தோ முளைத்துவிட்டது. கடைக்காரர்களுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிற கம்பெனி ஒன்று, வேலைக்கு வந்தவரிடம் வெள்ளைப் பலகையில் புதிர் அவிழ்க்கச் சொல்வதை விட்டுவிட்டு, இந்தப் பிழை உள்ள கோட் ஒன்றைக் கையில் கொடுத்து இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காரலாம்.

சிலர் உடனே கணினியின் தசமக் கணக்கில்தான் கோளாறு என்று பாய்வார்கள். அப்படி ஒரு கோளாறு இருப்பதும் உண்மை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும். ஆனால் இங்கே தாளில் பேனாவால் போட்டாலும் அதே ஒரு பைசா வரும். சிலர் மொத்தத்தை 5.05 என்று திருத்திவிட்டு முடிந்தது என்பார்கள்; மேலே இரண்டு வரியும் 2.53 என்றே நிற்கும். அபூர்வமாக ஒருவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, “இந்த ஒரு பைசாவை ஆடிட்டர் எந்த வரியில எதிர்பார்ப்பார்? பில்லுக்கு அடியில ரவுண்ட் ஆஃப்னு ஒரு வரி போடுறாங்களே, அது இதுக்குத்தானா?” என்று கேட்பார். அவரை அன்றே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கல்லூரி என்பதை அடுத்த வாரம் விசாரித்துக்கொள்ளலாம்.

கோட் எழுத இனி ஆள் எதற்கு, ஏஐ இருக்கிறதே என்று இப்போது சில நிறுவனர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த 5.05 திருத்தத்தை ஏஐ அரை நொடியில் எழுதிக் கொடுக்கும். ஆடிட்டர் எந்த வரியில் எதிர்பார்ப்பார் என்று கேட்க ஒருவர் வேண்டுமே.

தொழில்நுட்பம் தெரியாத நிறுவனரின் பாடு இன்னும் திண்டாட்டம். “ஐடியா எங்கிட்ட இருக்கு, எழுத ஒரு ஆள் மட்டும் போதும்” என்று, முழு மென்பொருளையும் கட்டப்போகிறவருக்கு ஐந்து சதவீதப் பங்கைக் காட்டிக் கூட்டாளி தேடுகிறார்கள். ஐந்து சதவீதத்துக்குக் கிடைப்பது கூட்டாளி அல்ல, சம்பளம் இல்லாத வேலைக்காரர். ஆறு மாதத்தில் போய்விடுவார். ஃபிரெஷ்வொர்க்ஸின் கிரீஷ் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட ஷான் கிருஷ்ணசாமி, ஜோஹோவில் அவரோடு வேலை பார்த்தவர். இரவு பதினொரு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது கூடவே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். முதல் ஐந்து பேரைக் கன்சல்டன்சி வழியாகத் தேடுகிறவர், கல்யாணத் தரகரிடம் நண்பனைத் தேடித் தரச் சொல்கிறார்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம்.

ஒரு கணக்குக்காக, ஒரு பொறியாளருக்கு ஆயிரம் பங்கு உரிமை தருகிறார்கள், பங்குக்குப் பத்து ரூபாய் விலையில். முதல் ஒரு வருடம் எதுவும் கைக்கு வராது. குறைந்தது ஒரு வருட இடைவெளி வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. பெரும்பாலும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நான்கு வருடம் கழித்து மதிப்பீட்டாளர் கணக்கில் பங்கு 510 ரூபாய். பொறியாளர் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பங்குகளை வாங்குகிறார். மீதி ஐந்து லட்சம் அந்த வருடமே அவருடைய சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் என்றால் கூடுதல் தீர்வையோடு 1,56,000 ரூபாய் வரி. பங்கை வாங்க ஆள் இல்லை, சந்தையிலும் இல்லை. விற்காத பொருளுக்கு ஒன்றரை லட்சம் ரொக்கம். இதைத் தள்ளிப்போட 2020 பட்ஜெட் ஒரு சலுகை தந்தது. ஆனால் அது வரிவிலக்குச் சான்று பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்கு மட்டும். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றவை ஒன்றரை லட்சத்துக்கு மேல், இந்தச் சான்று பெற்றவையோ சில ஆயிரம்தான். சலுகை கிடைத்தவரும் வேலையை விட்டால் வரி உடனே வந்து நிற்கும். பல நிறுவனங்களின் திட்டத்தில், விலகிய சில மாதங்களுக்குள் பணம் கட்டி வாங்காவிட்டால் உரிமையே காலாவதி.

ஈசாப் மோசடி என்பதல்ல இதன் பொருள். கீழ்க்கட்டளைக் கதை நடந்தது நிஜம். ஆனால் அதே ஃபிரெஷ்வொர்க்ஸின் பங்கு, 36 டாலருக்கு வெளியானது, 2022-ல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புப் பேசப்பட்ட இணையக் கல்வி நிறுவனம் பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. நேர்காணல் அறையில் இந்த இரண்டாம் பாகத்தை எந்த நிறுவனரும் சொல்வதில்லை.

கோயம்புத்தூரில் ஒருவர் வேறு வழி எடுத்தார். கோவை.கோ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் சரவணகுமார் 2022-ல் ஊழியர்களிடம் சொன்னது, மூன்று வருடம் முடித்தால் ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். பட்டியலாகாத கம்பெனியின் பங்கு வெறும் காகிதப் பணம் என்பது அவர் சொன்ன காரணம். 2025 தொடக்கத்தில் 140-க்கும் மேற்பட்டவர்களுக்கு 14 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. இதைச் செய்ய லாபம் வேண்டும், முதல் வருடத்துக் கம்பெனியால் முடியாதுதான். ஆனால் ‘எப்போது, எவ்வளவு’ என்ற இரண்டு கேள்விக்கும் அங்கே ஊழியருக்கு முன்கூட்டியே பதில் இருந்தது.

ஆளைச் சேர்த்த பிறகு நடப்பது தனிக் கதை. முதலீடு வந்த மாதமே ஏழு பேரை இருபதாக்குகிறார்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகும் மென்பொருளுக்கு ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். காரணம் எளிது. நான்கு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆறு இணைப்பு போதும், பத்து பேருக்கு 45, இருபது பேருக்கு 190. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற பழைய ஆள்தான். சின்னக் குழுவாலும் பெரிய வேலை நடக்கும்: 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது வாட்ஸ்அப்பில் இருந்தவர்கள் 55 பேர்; பயனர்கள் 45 கோடி.

இன்னொரு பழக்கம், பெரிய கம்பெனிகளைப் பார்த்துச் சின்னக் கம்பெனிகளும் பிடித்துக்கொண்ட 90 நாள் நோட்டீஸ். அடுத்தவன் ஆளை மூன்று மாதம் கட்டிப்போடுகிறான் என்று புலம்பிய அதே நிறுவனர், தன் ஆஃபர் லெட்டரில் அதே வரியைக் காப்பியடிக்கிறார். அசல் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டிவைக்கிற கம்பெனிகளும் உண்டு. வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை, 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. இருந்தும் அந்தப் பத்தி எல்லாத் தாளிலும் இருக்கிறது. போகிறவர் ஒரு மாதத்தில் போகட்டும். அவர் எழுதியது அவர் தலையில் மட்டும் இல்லாமல் இன்னொருவருக்கும் தெரிகிற மாதிரி வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், அந்த ஒரு மாதமே தாராளம்.

ஆஃபர் லெட்டர் பெரும்பாலும் நேர்காணல் அறையில் படிக்கப்படுவதில்லை. சங்கரன்கோவிலிலோ செய்யாறிலோ ஒரு வீட்டில், அப்பாவும் வங்கியில் வேலை பார்க்கும் மாமாவும் சேர்ந்து படிக்கிறார்கள். பதினாறு பக்க ஆங்கிலத்தில் நான்கு விஷயம் கிடைக்காது: கம்பெனியின் மொத்தப் பங்கு எத்தனை, வாங்கும் விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம், வரி எப்போது யார் கட்டுவது. ஆயிரம் பங்கு என்று மட்டும் இருக்கும். பத்தாயிரத்தில் ஆயிரமா, ஒரு கோடியில் ஆயிரமா என்று இருக்காது. இந்த நான்கையும் ஒரே பக்கத்தில், தமிழில், கணக்குப் போட்டுக் காட்டி முன்தாளாக இணைக்க ஒரு நிறுவனருக்கு அரை மணி நேரம் ஆகும். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு, தன்னிடம் ஆதார நிதி வாங்குகிற கம்பெனிகளுக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். மாமா கேட்கப்போகிற முதல் கேள்வி, “இதை எப்ப விக்கலாம்?” என்பதுதான். “தெரியாது” என்பது பதிலானால், அதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவிடலாம்.