மஞ்சுவும் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டும்

போன வாரம் காற்று பலமாக இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் எல்லாம் கரையிலேயே கட்டிக் கிடந்தன. பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் பேரன் செல்போனை நீட்டி, "உங்க காலத்துப் படம் ஏதாவது பாருங்க தாத்தா" என்றான். கண்ணில் பட்டது 'அவள் அப்படித்தான்'. சி. ருத்ரய்யாவின் முதல் படம், 1978 தீபாவளிக்கு வந்தது.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அறை நண்பர்கள் இருவரோடு போனேன். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூவரும் இருக்கிறார்கள் என்று நம்பி வந்த கூட்டம் பாதியிலேயே கலையத் தொடங்கியது. வண்ணப் படத்துக்கு ஜனங்கள் பழகிவிட்ட காலத்தில் இது கறுப்பு வெள்ளை. அதிலும் பாதி முகம் இருட்டில்!

நான் வேறு விதமாக மட்டம் தட்டினேன். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த கர்வம் அன்று நிறையவே உண்டு. புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் த்ருஃபோவின் 'லே காத்ர் சான் கூ' பார்த்திருந்தேன். 1959இல் வந்த படம். வீட்டிலும் பள்ளியிலும் வேண்டாதவனாகிப் போன ஒரு பையன், கடைசியில் கடல்வரை ஓடி, திரும்பி நம்மைப் பார்ப்பான். "வெள்ளைக்காரன் இருபது வருஷம் முன்னாலேயே செய்ததை இவர்கள் ஸ்டைலுக்காகக் காப்பி அடிக்கிறார்கள்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னேன். மஞ்சுவைப் பற்றி மூவருக்கும் ஒரே அபிப்பிராயம்: "அது ஒரு மாதிரிப் பெண்."

பேச்சு அதோடு நிற்கவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். யாரிடமும் குழைந்து பேசமாட்டார். "நம்ம ஆபீஸ் மஞ்சு" என்றான் ஒருவன். பெயர் ஒட்டிக்கொண்டது. சிரித்தவர்களில் நானும் உண்டு. சில மாதங்களில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பார்க்கும்போது, அன்று நாங்கள் கைதட்டிய இடங்களில்தான் வெட்கமாக இருந்தது. ரஜினி செய்த தியாகு நெற்றி நிறைய விபூதி, கையில் மதுக்கோப்பை என்று பெண்களை மட்டமாகப் பேசுகிறவன். ஆனால் அவன் வெளிப்படை. கமலின் அருண்தான் என்னைச் சங்கடப்படுத்தினான். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறான், மஞ்சு பட்ட காயங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறான். அவள் மனசு ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஊருக்குப் போய் சாரதாவைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். கெட்டவன் இல்லை. நாலு புத்தகம் படித்த நல்ல பையன். என்னைப் போல. வழி தெரியாத இளைஞர் படம் என்றால் எல்லோரும் மஞ்சுவைத்தான் காட்டுவார்கள். எனக்கென்னவோ தன்னையே அறியாதவன் அருண்தான் என்று படுகிறது.

அந்த இருட்டும் வெறும் ஸ்டைல் இல்லை. நல்லுசாமியும் ஞானசேகரனும் எடுத்த ஒளிப்பதிவு. தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் முழுவதையும் சொல்லவில்லை என்பதை அந்தப் பாதி முகம் காட்டிவிடுகிறது. வசனத்தில் வண்ணநிலவனுக்கும் பங்கு உண்டு என்பது பின்னால்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் இன்றைய இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற அளவுக்கு என்னால் போக முடியாது. மஞ்சு ஏன் இப்படி என்பதற்கு அம்மாவின் நடத்தை, ஏமாற்றிய காதலர்கள் என்று படம் காரணம் அடுக்குகிறது. ஒரு பெண் வெடுக்கென்று பேச வேண்டுமானால் முதலில் அடிபட்டிருக்க வேண்டுமா? கடைசியில் காரிலிருந்து இறக்கிவிட்டு, அவள் இறந்தாள், மறுபடி பிறப்பாள் என்று ஒரு குரல் முடித்து வைக்கிறது. த்ருஃபோ தன் பையனுக்கு இப்படி ஈமக்கிரியை செய்யவில்லை. அவன் இன்னும் கடற்கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ருத்ரய்யா அதன் பிறகு 'கிராமத்து அத்தியாயம்' மட்டும் எடுத்தார். 2014இல் போய்விட்டார்.

அந்த டைப்பிஸ்ட் அம்மாவின் பெயரை இரண்டு நாளாக யோசிக்கிறேன். அறை நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டும் கேட்டேன். அவனுக்கும் 'மஞ்சு' என்றுதான் வருகிறது.