போட்டோவில் இருந்தார்கள்... பெயர்தான் இல்லை!

1940-களின் அமெரிக்காவில் ஒரு பெண், "நான் ஒரு கம்ப்யூட்டர்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்போது கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, கணிதம் படித்த பெண்களைத் தேடி வேலைக்கு எடுத்தது ராணுவம். பீரங்கியிலிருந்து கிளம்பும் குண்டு எந்தப் பாதையில் போய் எங்கே விழும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் இந்த வேலை நடந்தது. பீரங்கியின் கோணம், காற்று என எது மாறினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஒரே ஒரு பாதைக்கு 30 முதல் 40 மணி நேரம் ஆகும். பீரங்கிகளோ காத்திருந்தன.

இந்தத் தலைவலிக்குத் தீர்வாக அதே பள்ளியில் ஜான் மாக்லியும் பிரஸ்பர் எக்கர்ட்டும் உருவாக்கியதுதான் 'எனியாக்'. சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. ஒரு பெரிய ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. மெஷின் தயார். அதற்கு வேலை சொல்லித்தர யார்?

1945-ல் கணக்குப் போடும் பெண்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கே மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். இதில் பெட்டியின் கதை தனி. கல்லூரிக்குப் போன முதல் நாளே கணிதப் பேராசிரியர், 'வீட்டில் குழந்தைகளை வளர்க்கப் போகக் கூடாதா?' என்று கேட்க, அவர் இதழியல் படிக்கப் போய்விட்டார். பேராசிரியர் விரட்டிய கணக்குக்கே அவரைத் திரும்பவும் கூட்டிவந்தது போர்!

ஆறு பேருக்கும் ஆரம்பத்தில் எனியாக் இருந்த அறைக்குள் போகக்கூட அனுமதி இல்லை. ராணுவ ரகசியமாம். கையேடு? அப்படி ஒன்றை யாரும் எழுதவே இல்லை. கையில் கொடுத்தது வயரிங் வரைபடங்களை மட்டும்தான். அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, புரியாததை இன்ஜினீயர்களிடம் கேட்டுக் கேட்டு, மெஷினை உள்ளும் புறமும் படித்தார்கள்.

கீபோர்டு, ஸ்கிரீன் எதுவும் இல்லாத மெஷின் அது. 'இந்த எண்ணைக் கூட்டு, விடையை அங்கே அனுப்பு, இதை இத்தனை தடவை திரும்பச் செய்' என்ற ஒவ்வொரு கட்டளையையும் கேபிள்களைச் செருகியும் ஸ்விட்சுகளைத் திருப்பியும்தான் சொல்ல வேண்டும். ஸ்விட்சுகள் மட்டும் சுமார் 3,000. அதில் ஒன்று தவறினாலும் விடை போச்சு.

தவறவும் செய்தது. 1946 பிப்ரவரி 15 அன்று முக்கியஸ்தர்கள் முன்னிலையில் எனியாக்கை இயக்கிக் காட்ட ஏற்பாடு. அதற்கான குண்டுப் பாதைக் கணக்கைத் தயார் செய்தவர்கள் பெட்டியும் ஜீனும். முந்தைய நாள் ஓட்டிப் பார்த்தால், குண்டு தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது! எங்கே தப்பு என்று தேடிச் சலித்து, இருவரும் வீட்டுக்குப் போனார்கள். நடு இரவில் பெட்டிக்குப் பொறி தட்டியது. மறுநாள் காலையிலேயே வந்தார். நேராகப் போய் ஒரு ஸ்விட்சைத் திருப்பினார். அவ்வளவுதான்.

அன்றைய காட்சி பிரமாதமாக நடந்தது. குண்டு பறக்கும் நேரம் 30 விநாடி. எனியாக் கணக்குப் போட எடுத்ததோ 20 விநாடி. இரவு பெரிய விருந்து. புரோகிராம் எழுதிய பெண்களுக்கு அழைப்பு இல்லை. பெட்டியும் ஜீனும் பிப்ரவரிக் குளிரில் வீடு திரும்பினார்கள்.

மெஷினைக் கட்டுவதுதான் சாதனை, கேபிள் செருகுவது குமாஸ்தா வேலை என்பது அன்றைய நினைப்பு. ராணுவப் பதிவேட்டில் இந்தப் பெண்களின் தகுதியே 'சப் புரொஃபஷனல்'. 'புரோகிராமிங்' என்பது ஒரு தொழில் என்று யாருக்கும் தெரியாததால்தான் அது பெண்கள் கைக்கே வந்தது என்றும் சொல்லலாம்.

1980-களில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த கேத்தி கிளைமன், எனியாக்கின் பழைய போட்டோக்களைப் பார்த்தார். ஆண்களுக்குப் பெயர் போட்டிருந்தது, பெண்களுக்கு இல்லை. விசாரித்தபோது, ஃப்ரிட்ஜ் விளம்பரத்தில் வரும் பெண்கள் மாதிரி, மெஷின் பக்கத்தில் அழகுக்கு நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. கேத்தி நம்பவில்லை. மெஷினில் அவர்கள் கை வைத்திருந்த விதம் வேறு எதையோ சொன்னது. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கதையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தார்.

பெட்டி பிற்பாடு 'யூனிவாக்' கம்ப்யூட்டரிலும், வங்கிகளில் இன்றும் ஓடும் 'கோபால்' மொழியின் உருவாக்கத்திலும் பங்கெடுத்தவர். அதுவும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

1997-ல் தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான சர்வதேச அமைப்பு, ஆறு பேரையும் தன் கௌரவப் பட்டியலில் சேர்த்தது. ரூத் அப்போது இல்லை, 1986-லேயே இறந்துவிட்டார். அவருக்கான விருதைக் கணவர் வந்து வாங்கிக்கொண்டார்.