பட்டம் பெறச் சென்றவள் பெட்டியோடு திரும்பினாள்

இறக்குவானைப் பகுதித் தோட்டமொன்றில் றப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் சென்ற மாதம் எமது அலுவலகப் படியேறி வந்தார். அவர் பின்னால் அவருடைய மகள். அவள் கையில் ஒரு பெட்டி. அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்ற முதற் பெண் அவள். தோட்டத்துக் கோயிலில் மாலையிட்டு, தலைவர்மார் பேசி, வழியனுப்பி வைத்தார்கள். மூன்றாம் வாரத்தில் திரும்பி விட்டாள்.

இரவில் தொலைபேசியில் அழைத்து ஆபாசம் பேசினார்களாம் சிரேஷ்ட மாணவர் சிலர். அவள் அழைப்பை எடுக்காதபோது, அவளுடைய படமொன்றை அலங்கோலமாக்கி ஊருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினார்களாம். தந்தை எம்மிடம் கேட்டது நீதியை அன்று. "ஐயா, நடந்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். படிப்பை நிறுத்த ஒரு காகிதம் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதித் தர மறுத்தோம். (இருவரதும் இசைவோடு, அடையாளம் நீக்கியே இதனை எழுதுகிறோம்.)

குற்றம் செய்தவன் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கிறான். குற்றத்திற்கு ஆளானவள் பெட்டி கட்டுகிறாள். இது எந்த ஊர் நியாயம்?

பகிடிவதை என்பது விளையாட்டு என்றும், மேலோர் கீழோர் பேதத்தை அழிக்கும் சமத்துவப் பயிற்சி என்றும் பேசும் வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய சமத்துவத்தின் கணக்கைப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டில் பேராதனையில், இராமநாதன் விடுதியில், வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்தாள். 2002இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், வதையினால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். 2025 ஏப்ரலில், எமது மாகாணத்துப் பெலிகுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிர்மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற முறைப்பாட்டின்மேல் மாணவர் பலர் கைதாயினர். ஐம்பது ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கிறது. சமத்துவம் எங்கே வந்தது?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப்புடன் சேர்ந்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரச பல்கலைக்கழக மாணவரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வாய்மொழி வதைக்கு ஆளானவர்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவர் பாலியல் தொல்லைக்கு ஆளானவர். இவர்களுள் ஆண்பிள்ளைகளும் உண்டு என்பதை மகன்களைப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டும். "ஆண்பிள்ளை தாங்கிக்கொள்வான்" என்று சொல்லும் தகப்பன், தன் மகன் இருட்டில் எதைத் தாங்குகிறான் என்று கேட்டறிந்ததுண்டா?

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். தமிழ் மாணவரைப் பெரும்பாலும் வதைப்பவர் தமிழ் மாணவரே. வரப்பிரகாஷ் வழக்கின் பிரதான எதிரியும் தமிழ் மாணவரே. சிங்களப் பொலிஸ்காரன் எம் பெண்ணை ஒரு சொல் சொன்னால் மேடை போட்டு முழங்குகிறோம். முழங்கவும் வேண்டும். எம்முடைய பையன் அதையே செய்தால், "நம்மவன், எதிர்காலம் கெட்டுப்போகும்" என்று சமாதானம் பேசத் தலைவர்மார் வருகிறார்கள்! அவன் எதிர்காலம் மட்டுமா எதிர்காலம்? பால் வாளி சுமந்த கையால் படிக்க வைத்த மகளுக்கு அது இல்லையா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலைமை நுவரெலியாவின் நிலைமை அன்று. பலாங்கொடையிலும் காவத்தையிலும், தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் எம்மக்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு ஓடியவர்களின் உறவினர் இவர்கள். பொலிஸ் நிலையம் என்றாலே அடிவயிறு கலங்கும். உயர்தரம் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் இங்கே சில. விஞ்ஞானப் பிரிவு என்றால் பலர் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் போக வேண்டும். இத்தனையும் கடந்து ஒரு பெண் பல்கலைக்கழக வாசலை மிதிக்கிறாள் என்றால், அவளை அங்கிருந்து விரட்டுவது ஒரு குடும்பத்தை மறுபடியும் லயத்துக்குள் பூட்டுவதாகும்.

அவளுக்கு நாம் கொடுத்தனுப்பும் கல்விதான் என்ன? "தலை குனிந்து நட, ஆண்களோடு பேசாதே." அவ்வளவே. பேசவே கூடாதென்று வளர்க்கப்பட்டவளுக்கு, நட்போடு பேசுபவன் எவன், வலை விரிப்பவன் எவன் என்று எப்படித் தெரியும்? பையனுக்கோ அதுவும் இல்லை. பெண் மறுத்தால் அது நாணம் என்று சினிமா அவனுக்குக் கற்பிக்கிறது. பின்தொடர்வதும், கையைப் பிடிப்பதும், அழுது மிரட்டிச் சம்மதம் பறிப்பதும் காதல் என்று நம்புகிறான். மறுத்தவளின் மறுப்பை ஏற்று விலகி நிற்பதே ஆண்மை என்று அவனுக்கு எந்தத் தகப்பன் சொன்னான்? காதலிப்பது குற்றமன்று. ஒருவர் அஞ்சும் இடத்தில் காதல் இல்லை. இதனை உயர்தர வகுப்பில் இருபாலாருக்கும் ஒருங்கே, வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். கொட்டகலை, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று தோட்டப் பாடசாலைகளுக்கு வரும் இளம் ஆசிரியர்கள் இப்பொறுப்பை ஏற்கலாம். வெட்கப்படும் அதிபர்கள் சற்று ஒதுங்கியிருக்கட்டும்.

இனிச் சட்டம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றிக் கல்வியியற் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் உரியது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. அதனோடு பாலியல் தொல்லை சேர்ந்தால் பத்தாண்டு வரை. மானத்துக்குக் கேடு விளைவிப்பேன் என்று மிரட்டுவது ஐந்தாண்டு வரை தண்டிக்கத்தக்கது. கல்விக்கூடத்துக்கு வெளியிலிருந்து மிரட்டினாலும் குற்றம் குற்றமே. ஆகவே, "வளாகத்துக்கு வெளியே நடந்தது, எமக்குச் சம்பந்தமில்லை" என்ற விடையை எவரும் ஏற்க வேண்டியதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபின், பாலியல் தொல்லைக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு மட்டுமா? மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதிகாரத்தைக் காட்டிச் சீண்டுபவனுக்கும் அதே பிரிவுதான்.

"அவள் கூக்குரலிடவில்லையே, உடம்பில் காயமில்லையே" என்று கேட்கும் மேதாவிகளுக்கும் அதே 1995ஆம் ஆண்டுத் திருத்தம் விடை கூறியுள்ளது. வல்லுறவுக் குற்றத்தில், சம்மதம் இல்லை என்பதை நிறுவ உடற்காயம் இன்றியமையாததன்று என்று 363ஆம் பிரிவின் விளக்கம் எழுத்திலேயே சொல்கிறது. இத்தகைய குற்றங்களுக்கு ஆளானவரின் பெயரை அச்சிடுவதைத் தண்டிக்கும் 365இ பிரிவும் உண்டு. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிய அந்தத் தந்தைக்கு இதனை இரண்டு முறை வாசித்துக் காட்டினோம்.

ஆனால் சட்டம் எந்த மொழியில் நடக்கிறது? எமது மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களில் தமிழ்ப் பெண்ணின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்து வை" என்பது வழக்கமாகிவிட்டது. தான் சொன்னதுதானா எழுதப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. பின்னர் நீதிமன்றில் ஒரு சொல் பிசகினால் அவள் பொய்ச்சாட்சி! அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம், 1988இன் 16ஆம் திருத்தத்திற்குப் பின், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை இங்குள்ள தமிழருக்கும் தந்துள்ளது. அவ்வுரிமை ஏட்டில் தூங்குகிறது. வாசித்தறிய முடியாத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழில் எழுதிய முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். பெண்களுக்கான 1938 என்ற அவசரத் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளின் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மிரட்டும் குறுஞ்செய்தியை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள். அது சாட்சியம்.

எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு கேள்வி. பட்டம் பெற்ற பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தப் போட்டியிடுகிறீர்களே, முறைப்பாடு செய்த பிள்ளையோடு உபவேந்தரின் அறைவரை உங்களில் எத்தனை பேர் நடந்து சென்றீர்கள்? தமிழ் பேசும் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டுமென்று எத்தனை முறை சபையில் எழுந்தீர்கள்? சங்கச் சந்தா மாதந்தோறும் தவறாமல் வெட்டப்படுகிறது. அதில் ஒரு பங்கு இப்பிள்ளைகளின் வழக்குச் செலவுக்கு ஏன் போகக்கூடாது?

முறைப்பாடு தமிழில் எழுதப்பட்டது. மிரட்டல் செய்திகள் அச்சிட்டு இணைக்கப்பட்டன. ஒரு பிரதி பொலிசுக்கும், ஒரு பிரதி பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும், மற்றொன்று மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போயின. படிப்பை நிறுத்தும் காகிதம் எழுதப்படவில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் அதே பெட்டியோடு திரும்பிச் செல்கிறாள். தந்தையும் உடன் போகிறார். அவருக்கு இரண்டு நாட் பேர் போகும்.